பொய்யாக அடித்த மணி

2022 ஆகஸ்ட் 12. வெள்ளிக்கிழமை. நடுப்பகல் நேரம். பெங்களூருவில் இருந்து மாலத்தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'கோ ஃபர்ஸ்ட்' விமானம் ஒன்று, போகிற வழியில் நம்ம பீளமேட்டில் அவசரமாக வந்து இறங்கியது. உள்ளே 92 பயணிகள். என்ஜின்கள் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதாக விமானி அறையில் எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது என்று செய்தி வந்தது. கடல் தாண்டிப் போக வேண்டிய விமானம். பக்கத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று பார்த்தார் விமானி. கோயமுத்தூர் இருந்தது. இறக்கிவிட்டார்.

பொறியாளர்கள் இரண்டு என்ஜின்களையும் சோதித்தார்கள். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. கோளாறு மணியில்தான்!

சாயங்காலம் அவிநாசி ரோட்டு டீக்கடையில் இதுதான் பேச்சு. "ஒண்ணுமில்லையாமுங்க. சும்மா கத்தியிருக்குது. இதுக்குப் போயி எறக்கிப்போட்டான் பாருங்க" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாலத்தீவுக் கடற்கரைக்குப் பெட்டி கட்டிய புதுமாப்பிள்ளை யாராவது இருந்திருந்தால், பீளமேட்டு நாற்காலியில் உட்கார்ந்து அந்த மணியை என்ன திட்டு திட்டியிருப்பான் என்று நினைத்துத்தான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சிரிப்பு நின்றுவிட்டது. காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த மணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். விமானத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் ஜன்னல் சீட்டோடு சரி. ஆனாலும் அந்த மணியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது இயந்திரச் சமாசாரம் இல்லை, நம்ம வீட்டுச் சமாசாரம் என்று தோன்றிவிட்டது.

ஜெட் என்ஜின் என்பதே ஒரு நெருப்புதான். உள்ளே எண்ணெய் ஓயாமல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைந்தால்தான் ஆபத்து. அப்புறம் எதற்கு மணி? அடுப்பில் இருக்கிற நெருப்பு சோறு பொங்கும். அதே நெருப்பு கூரைக்கு ஏறினால் வீடே போச்சு. என்ஜினுக்கும் அதைச் சுற்றிப் போர்த்தியிருக்கிற உறைக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. எண்ணெய்க் குழாய், ஹைட்ராலிக் குழாய், மின்சார ஒயர் எல்லாம் அந்தச் சந்துக்குள்ளேதான் ஓடுகின்றன. ஏதாவது ஒரு குழாய் கசிந்து, அது சூடான இடத்தில் பட்டுப் பற்றிக்கொண்டால்... அதுதான் கூரையில் ஏறிய நெருப்பு. மணி அதற்குத்தான்.

கண்டுபிடிப்பது யார்? பல விமானங்களில் பென்சிலைவிட மெலிசான ஓர் உலோகக் குழாய், அந்தச் சந்துக்குள் வளைந்து வளைந்து ஓடுகிறது. உள்ளே ஹீலியம் வாயு. நடுவில் ஹைட்ரஜனைக் குடித்து வைத்திருக்கிற ஒரு தண்டு. மொத்த இடமும் சூடானால் ஹீலியம் விரிந்து அழுத்தம் ஏறும். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் நெருப்பு சுட்டால், தண்டு தான் குடித்து வைத்திருந்த ஹைட்ரஜனைக் கக்கும். அப்போதும் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் ஒரு ஸ்விட்ச்சைத் தட்டும். மணி அடிக்கும்.

இதில் என்னை உட்கார வைத்த விஷயம் வேறு. குழாயில் ஓட்டை விழுந்து ஹீலியம் கசிந்துவிட்டது என்று வையுங்கள். இனி அந்தக் குழாயால் நெருப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அதையும் அதுவே சொல்லிவிடுகிறது! அழுத்தம் இறங்கினால் விடுபடுகிற மாதிரி இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது. 'நான் கெட்டுப்போயிட்டேன், இனிமே என்னை நம்பாதீங்க' என்று விமானிக்குத் தகவல் போய்விடும். நம்மில் எத்தனை பேருக்கு இந்த நேர்மை இருக்கிறது, சொல்லுங்கள். காது கேட்காமல் போன பிறகும் பஞ்சாயத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு குழாய் பொய் சொல்லலாம். அதனால் ஒவ்வொரு என்ஜினுக்கும் இரண்டு வைக்கிறார்கள். இரண்டு சாட்சிகள். 'ஏர்பஸ் ஏ320' ரக விமானத்தில், இரண்டு பேரும் தீ என்று சொன்னால்தான் மணி. ஒரே ஒரு சாட்சியின் பயத்துக்காக 180 பேரை அலைக்கழிக்க வேண்டாம் என்பது கணக்கு. நியாயம்தான். ஆனால், ஒரு சாட்சி கெட்டுப்போய்விட்டால்? 'ரெண்டு பேர் வேணும், நீ ஒருத்தன்தானே' என்று மிச்சம் இருப்பவனை ஒதுக்குவதில்லை. அந்த நிமிடத்தில் இருந்து அவன் ஒருவன் சொன்னாலே போதும், மணி அடிக்கும். இன்னும் ஒன்று. இரண்டு சாட்சிகளும் 5 வினாடிக்குள் ஒருசேர ஊமையாகிவிட்டால், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்வதில்லை. தீ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் எரித்தது எது என்பது கேள்வி! நம் ஊர் வழக்குகளில் சாட்சிகள் வரிசையாகப் பல்டி அடிக்கும்போது, யாராவது இந்த மாதிரி யோசித்தால் தேவலை.

சரி, மணி அடித்துவிட்டது. விமானி ஒரு பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தலாம். கத்திக்கொண்டே இருந்தால் யோசிக்க முடியாதே. ஆனால் சிவப்பு விளக்கை அணைக்க முடியாது. சூடு குறைந்தால்தான் அது தானாக அணையும்.

அப்புறம் இழப்பு. எரிகிற என்ஜினுக்குப் போகிற எண்ணெயை வெட்ட வேண்டும். ஹைட்ராலிக், காற்று, மின்சாரம் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். அதாவது, பறக்க உதவுகிற இரண்டில் ஒன்றை விமானியே கொல்ல வேண்டும். அதற்கப்புறம் 10 வினாடி காத்திருந்து முதல் பாட்டில். என்ஜின் சுற்றுவது குறைந்தால்தான் மருந்து காற்றில் அடித்துப் போகாமல் உள்ளே நிற்கும். பாட்டில் என்றால், அழுத்தி அடைத்த 'ஹாலோன்' வாயு. சின்ன வெடி ஒன்று மூடியை உடைக்க, ஒரே மூச்சில் பீய்ச்சி அடிக்கும். 30 வினாடி பொறுத்தும் விளக்கு அணையவில்லை என்றால் இரண்டாவது பாட்டில். அவ்வளவுதான். மூன்றாவது கிடையாது. அதற்கப்புறம் இருப்பது பக்கத்து ஊர் ஓடுபாதை மட்டும்தான்.

இந்த ஹாலோன் கதையும் ஒரு தர்மசங்கடம். நெருப்பைக் கொல்வதில் கெட்டிக்காரன். ஆனால் ஓசோன் படலத்துக்கு எமன். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு, பணக்கார நாடுகள் 1994-லும் மற்ற நாடுகள் 2010-லும் இதன் உற்பத்தியை நிறுத்திவிட்டன. விமான என்ஜினுக்கு இன்னமும் விட முடியவில்லை. பழைய இருப்பைச் சுத்தம் செய்து சுத்தம் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். மணி அடிக்கிறது. அது பொய்யாகவும் இருக்கலாம். என்ன செய்வது?

1980 ஆகஸ்ட் 19. சவூதியா விமானம் ஒன்று ரியாத்தில் இருந்து கிளம்பியது. ஏழு நிமிடத்தில், சரக்கு அறையில் புகை என்று எச்சரிக்கை வந்தது. அதை நம்பலாமா வேண்டாமா என்று விமானிகள் சரிபார்த்துக்கொண்டிருந்ததிலேயே நாலு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. திரும்பி வந்து, பத்திரமாகத் தரையிறங்கியும்விட்டார்கள். ஆனால் கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே இருந்த 301 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நாலு நிமிடம் முன்னாலேயே திரும்பியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று அடித்துச் சொல்ல முடியாது. இறங்கிய பிறகு நடந்த தாமதமும் பெரிய காரணம். ஆனால் அந்த நாலு நிமிடம் ஒரு முள் மாதிரி நிற்கிறது.

அப்படியானால் மணி அடித்ததும் யோசிக்காமல் செயல்படு என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. 1989 ஜனவரி 8. லண்டனில் இருந்து பெல்ஃபாஸ்ட் போன 'பிரிட்டிஷ் மிட்லண்ட்' விமானம். இடது என்ஜினில் விசிறித் தகடு ஒன்று முறிந்து, விமானம் கிடுகிடுவென ஆடியது. புகை நாற்றம். விமானிகள் அவசரத்தில் வலது என்ஜினை அணைத்துவிட்டார்கள். நல்ல என்ஜினை! கெக்வொர்த் கிராமத்துக்குப் பக்கத்தில், ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 47 பேர் செத்துப்போனார்கள். 2015 பிப்ரவரி 4 அன்று தைபே நகரத்திலும் இதேதான். 'டிரான்ஸ் ஏசியா' விமானத்தில் கோளாறு வலதில். விமானி நிறுத்தியது இடதை. 43 பேர் பலி.

ஆக, சந்தேகமும் கொல்கிறது, அவசரமும் கொல்கிறது. எனக்குப் புரிந்த வரை, விமானக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'நிஜமாவே தீயா?' என்ற சந்தேகத்தை எல்லாம் தரையிலேயே, அந்த மணியைச் செய்யும்போதே தீர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு சாட்சி அதற்குத்தான். நாளின் முதல் பயணத்துக்கு முன்னால், பொத்தானை அமுக்கி, மணி அடிக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். மேலே போன பிறகு 'தீ இருக்கிறதா' என்ற விவாதம் கிடையாது. 'எந்தப் பக்கம்' என்று மட்டும் கேட்க வேண்டும். ஒருவர் பொத்தான் மேல் கை வைப்பார், இன்னொருவர் பார்த்துச் சரி என்பார், அதற்கப்புறம்தான் அமுக்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்பது வேறு. எங்கே என்று கேட்பது வேறு. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

கெக்வொர்த் கதையில் இன்னொன்று இருக்கிறது. ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் அதுதான். 'வலது என்ஜினில் பிரச்னை, நிறுத்திவிட்டோம்' என்று கேப்டன் மைக்கில் சொன்னார். பின் சீட்டுப் பயணிகள் பலர் ஜன்னல் வழியாக நெருப்பைப் பார்த்தவர்கள். அவர்கள் பார்த்தது இடது பக்கம். பணிப்பெண்கள், பணியாளர்களில் மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட எழுந்து போய்ச் சொல்லவில்லை. கேப்டனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது?

அங்கே இருந்திருந்தால் நீங்கள் எழுந்து போயிருப்பீர்களா? நான் போயிருக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். தப்பாகச் சொல்லிவிட்டால் எல்லோரும் சிரிப்பார்களே என்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உயிரைவிட மானம் பெரிது என்று வளர்ந்த ஊர்க்காரன். அந்த மானம் எதுவென்று மட்டும் சரியாகப் பிடிபடவில்லை.

நல்லவேளை, எல்லோரும் என்னைப் போல இல்லை. 2022 ஜூன் 19 அன்று பாட்னாவில் இருந்து டெல்லிக்குக் கிளம்பிய 'ஸ்பைஸ்ஜெட்' விமானத்தின் இடது என்ஜினில் பறவை மோதி நெருப்பு வந்தது. கீழே தெருவில் நின்ற ஜனங்கள் அண்ணாந்து பார்த்து, உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார்கள் என்று அன்றைக்கு மாவட்ட நிர்வாகமே தெரிவித்தது. விமானி அந்த என்ஜினை நிறுத்திவிட்டு, மிச்சம் இருந்த ஒன்றை வைத்துத் திரும்பி வந்து இறக்கினார். 185 பயணிகளும் பத்திரம். இரும்புக் குழாய் சொன்னதோ இல்லையோ, தெருவில் நின்ற மனுஷன் சொன்னான்.

நம் பக்கம் மணி அடித்தால் என்ன செய்வோம்? தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வாருங்கள். ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே என்று ஒன்று இருக்கும். மோட்டார் தாங்க முடியாமல் கரண்ட் இழுத்தால், சூடாகி, 'டப்'பென்று நிறுத்திவிடும். விமானத்துக்குழாயின் ஏழைத் தம்பி. கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய அவசரம். ரிலே ரெண்டு தடவை தட்டிவிட்டால் பொறுமை போய்விடும். ஒரு குச்சியைச் சொருகி விடுவோம். ஃபியூஸ் போன இடத்தில் தடிமனாகச் செம்புக் கம்பியைப் போட்டு முறுக்குவோம். தண்ணீர் பாயும். அப்புறம் ஒருநாள் காயில் கருகும். இந்த வட்டாரத்தில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் கூப்பிடு தூரத்தில் ரீவைண்டிங் கடை இருக்கிறது. பாதிக் கடைக்கு அந்தக் குச்சிதான் முதலாளி.

விவசாயியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இப்போது என் கதை.

பி.காம். முடித்த கையோடு, பல்லடம் பக்கம் ஒரு நூற்பு மில்லில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். ஊரும் பேரும் வேண்டாம். ப்ளோரூமில் பஞ்சு குழாய் வழியாகக் காற்றில் பறந்து போகும். பேல் கட்டிய கம்பித் துண்டு ஒன்று கலந்து வந்து இயந்திரப் பல்லில் உரசினால் போதும், பொறி கிளம்பும். பஞ்சு நெருப்பு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டு போகும். அதனால் குழாயில் ஸ்பார்க் டிடெக்டர் வைத்திருந்தார்கள். பொறியைக் கண்டால் மணி அடித்து, அந்தப் பஞ்சைத் தனியாகத் தள்ளி, லைனை நிறுத்திவிடும்.

எங்கள் டிடெக்டர் கொஞ்சம் பயந்த சுபாவம். என்ன காரணமோ, பொறியே இல்லாமல் அடிக்கும். அடித்தால் லைன் நிற்கும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இதனால எவ்வளவு நஷ்டம்னு ஒரு ஸ்டேட்மென்ட் போட்டுக் குடுங்க தம்பி" என்றார். புது வேலை. திறமையைக் காட்ட வேண்டாமா? மூன்று மாத லாக் புத்தகத்தை எடுத்து, நின்ற நிமிடம், குறைந்த கிலோ, கூலி, கரண்ட் என்று கட்டம் கட்டமாகப் போட்டேன். அடியில் சிவப்பு மசியில் மொத்தம். மேனேஜர் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றார். ஒரு வாரத்தில் டிடெக்டரை ஓரங்கட்டிவிட்டார்கள்.

கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த பாடமே இதுதான். வரப்போகிற லாபத்தைக் கணக்கில் எடுக்காதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கு. வராக்கடன் வரும் என்று தெரியாவிட்டாலும் ஒதுக்கீடு செய். பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கியவன் நான். அந்த ஸ்டேட்மென்ட்டில் மணியால் வந்த நஷ்டத்துக்குப் பத்து கட்டம் இருந்தது. மணியால் வராமல் போன நஷ்டத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. போடவும் முடியாது. நடக்காத நெருப்புக்கு வவுச்சர் கிடையாது.

நாலாவது மாதம், ராத்திரி ஷிஃப்ட்டில் பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. ப்ளோரூம் ஃபிட்டர் ஒருவர், எரிகிற பஞ்சை வெளியே இழுத்துப் போட்டதில் இரண்டு கையும் வெந்துபோனது. ஆஸ்பத்திரி பில் என் மேஜைக்குத்தான் வந்தது. எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்டேன். 'பொதுச் செலவு' என்றார்கள். போட்டேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. இந்த இருபத்து சொச்சம் வருஷத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு முழித்துக்கொள்ளும்போது, யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

அந்த விமானம் இறங்கிய அடுத்த வாரம், அவரைப் போய்ப் பார்த்தேன். சின்னியம்பாளையம் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே விமானச் சத்தம் கேட்கிற வீடு. "வாங்கோ தம்பி" என்று திண்ணையில் துண்டை விரித்தார். விமானச் செய்தியை அவரும் படித்திருந்தார்.

"ஒண்ணுமில்லைன்னதும் எல்லாரும் சிரிக்கிறாங்கண்ணா" என்றேன்.

"சிரிக்கட்டுமுங்க. சிரிக்கிறதுக்கு ஆளு மிச்சமிருக்குதல்லோ" என்றார்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அப்புறம் நான் அந்த ஸ்டேட்மென்ட் கதையைச் சொன்னேன். முதல் தடவையாகச் சொன்னேன். மேனேஜர் கேட்டது, நான் போட்டது, சிவப்பு மசி, எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அதெனக்குத் தெரியுமுங்க தம்பி" என்றார் கடைசியில். "மேனேஜர் அன்னைக்கே காட்டுனாரு. கூட்டலெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

விரல் மடங்காது என்பதால், இரண்டு உள்ளங்கையாலும் டம்ளரை அணைத்துப் பிடித்து, ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். எனக்கும் ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக் குடித்தேன்.